வேட்டை நிலத்தில் ஒரு பைனாகுலர்

2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அந்த மாநில அரசின் கையில் வனவுயிர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலங்கள் சுமார் 350 இருக்கின்றன. ஏரிக்கரை, ஆற்றோரம், புல்வெளி, மலைச்சரிவு எனப் பலவகை நிலங்கள். அன்று முதல் 18 வயது நிரம்பிய எவரும் அவற்றுக்குள் காலடி வைக்க வேண்டுமானால் கையில் வேட்டை உரிமமோ மீன்பிடி உரிமமோ இருந்தாக வேண்டும். துப்பாக்கியோ தூண்டிலோ எடுத்துப் போகிறவருக்கு மட்டும் வந்த விதி அல்ல இது. கழுத்தில் பைனாகுலரும் கையில் குறிப்பேடுமாக, விடியலில் பாடும் ஒரு சின்னப் பறவையைத் தேடிப் போகிறவரும் உரிமம் வாங்கியாக வேண்டும்.

மாநிலம் சொன்ன விளக்கம் எளிமையானது. இந்த நிலங்களில் பெரும்பாலானவற்றை வாங்கியதும் பராமரிப்பதும் வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்போரும் கட்டிய பணம்தான். இப்போதோ நடைப்பயிற்சிக்கு வருவோர், நாயைக் கூட்டி வருவோர், கூடாரம் போட்டுத் தங்குவோர் எனக் கூட்டம் பெருகிவிட்டது. செலவு ஒருவருடையது, அனுபவிப்பது இன்னொருவர் என்றால் எப்படி?

பறவை பார்ப்போரின் பதிலிலும் குழப்பமில்லை. நாங்கள் எந்த உயிரையும் எடுக்கப் போவதில்லை. உயிரை எடுப்பதற்கான உரிமத்தை எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? கட்டணம் கேளுங்கள், தருகிறோம். ஆனால் எங்களை வேட்டைக்காரர் பட்டியலில் எழுதாதீர்கள் என்றார்கள். மறு ஆண்டு, 2021 மே மாதத்தில், வேட்டையோ மீன்பிடிப்போ இல்லாதவர்களுக்கென்று தனி அனுமதிச் சீட்டு வந்தது. ஆண்டுச் சீட்டின் விலை மீன்பிடி உரிமத்தின் விலையை ஒட்டியே வைக்கப்பட்டது. அந்த மாநிலத்தில் அப்படி ஒரு சமரசம். ஆனால் அந்த வாக்குவாதத்தின் வேர் கொலராடோவில் இல்லை, ஏறக்குறைய 90 ஆண்டுகள் பின்னால் இருக்கிறது. அதன் கிளைகள் அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கின்றன.

நமக்கு இது விசித்திரமாகப் படலாம். 1972-ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த தலைமுறைக்குச் சரணாலயம் என்றால் துப்பாக்கி நுழையாத இடம். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் இல்லை. ‘ரெஃப்யூஜ்’, அதாவது புகலிடம் என்று பெயர்ப்பலகை வைத்த தேசியக் காப்பகங்கள் பலவற்றிலேயே பருவம் வந்தால் வெடிச்சத்தம் கேட்கும். காட்டுயிர்கள் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர், எண்ணிக்கை குறையாத அளவுக்கு அறுவடை செய்துகொள்ளலாம் என்பதுதான் அங்குள்ள அடிப்படைக் கருத்து. சரி தவறு என்று நாம் என்ன நினைத்தாலும், இதைப் புரிந்துகொள்ளாமல் அங்கு நடக்கும் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது.

இதை எழுத உட்கார்ந்தபோது ஒரு பழைய தமிழ்ச் சொல் மனத்தில் வந்து நின்றது. காட்டு விலங்கையோ பறவையையோ வலைக்குள் இழுக்க வேடர்கள் பழக்கி நிறுத்தும் உயிருக்கு நம் மொழியில் ‘பார்வை’ என்று பெயர். பார்வை மான், பார்வைப் பறவை என்பார்கள். அமெரிக்க வாத்து வேட்டைக்காரர் தண்ணீரில் மிதக்கவிடும் போலி வாத்தும் ஒரு பார்வைதான். அதே குளத்தின் மறுகரையில் தொலைநோக்கியைப் பொருத்தி நிற்பவர் செய்வதும் பார்வைதான். நீர்மட்டம், காற்றின் திசை, பறவை இறங்கும் நேரம் என இருவரும் கவனிக்கிற விஷயங்கள் பெரும்பாலும் ஒன்றே.

1934-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அந்த ஒரே ஆண்டில் இரண்டு வேறு வழிகள் பிறந்தன.

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் கடும் வறட்சி. வாத்துகள் முட்டையிடும் புல்வெளிக் குட்டைகள் வற்றி வெடித்துக் கிடந்தன. சதுப்பு நிலங்களோ அதற்கு முன்பே விவசாயத்துக்காக வடிக்கப்பட்டிருந்தன. வாத்து வரத்து சரிந்ததைக் கண்டு முதலில் பதறியவர்கள் வேட்டைக்காரர்கள். அவர்களில் ஒருவர் அயோவா மாநிலத்தின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் ஜே. என். ‘டிங்’ டார்லிங். அதிபர் ரூஸ்வெல்ட் அவரையே உயிரியல் அளவைத் துறைக்குத் தலைவராக்கினார். அந்த மார்ச் மாதம் ஒரு சட்டம் வந்தது: நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு கூட்டரசு முத்திரை வாங்க வேண்டும். முதல் முத்திரைக்கு விலை 1 டாலர். தரையிறங்கும் மல்லார்டு வாத்துகள் இரண்டை அதற்கு வரைந்து கொடுத்ததும் டார்லிங்தான். இன்று அதன் விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படிக் காக்கப்பட்டிருக்கிறது.

அதே ஆண்டில் பென்சில்வேனியாவின் ஒரு மலைமுகட்டில் வேறு ஒரு கதை. இலையுதிர் காலத்தில் அந்த முகட்டை ஒட்டிக் கழுகும் பருந்தும் வல்லூறும் ஆயிரக்கணக்கில் தெற்கே போகும். மக்கள் அங்கே கூடி நின்று அவற்றைச் சுட்டு வீழ்த்துவது வழக்கம். காஸ்ஹாக் எனும் பெரிய வல்லூறின் தலைக்கு மாநிலமே 5 டாலர் பரிசு கொடுத்த காலம் அது. வரிசையாக அடுக்கிவைத்த பருந்துச் சடலங்களை ரிச்சர்டு பௌ என்பவர் படமெடுத்தார். நியூயார்க்கில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய ரோஸலி எட்ஜ் அதைக் கண்டு வெகுண்டார். அவர் மனுப்போட்டுக் காத்திருக்கவில்லை. மலையையே, 1,400 ஏக்கரை, முதலில் குத்தகைக்கு எடுத்தார், பிறகு விலைக்கே வாங்கினார். மாரிஸ் ப்ரூன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். காவலர் அங்கே நின்றபடி கடந்துபோகும் பறவைகளை எண்ணினார். ‘ஹாக் மவுண்டன்’ என்ற அந்த இடத்தில் அன்று தொடங்கிய எண்ணிக்கை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறிது தடைப்பட்டாலும், இன்றும் நடக்கிறது. டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் கேட்டை உலகுக்குச் சொன்ன ரேச்சல் கார்சன், இளங்கழுகுகளின் எண்ணிக்கை சரிந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொண்டவற்றில் இந்த மலையின் கணக்கும் ஒன்று.

வேட்டைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். பறவை பார்ப்போரில் ஒருவர் தாமே முன்வந்து மலை வாங்கினார். முன்னது சட்டமாகி நாடு முழுக்கப் பரவியது. பின்னது ஒரு மலையோடு நின்றது. இன்றைய சண்டை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1937-இல், இன்னொரு சட்டம் வந்தது. செனட்டர் கீ பிட்மன், பிரதிநிதி வில்லிஸ் ராபர்ட்சன் இருவரின் பெயரால் அது அறியப்படுகிறது. நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி, இன்று 11 சதவீதம், பொதுக் கருவூலத்தில் கரையாமல் வனவுயிர்ப் பணிக்கென்றே மாநிலங்களுக்குப் போகும். கைத்துப்பாக்கியும் வில் அம்பும் பின்னால் சேர்க்கப்பட்டன. செலவில் நான்கில் மூன்று பங்கைக் கூட்டரசு தரும், ஒரு பங்கை மாநிலம் போட வேண்டும். பங்கைப் பிரிப்பதற்கும் ஒரு கணக்கு: பாதி மாநிலத்தின் பரப்பைப் பொறுத்தது; மறுபாதி அங்கே வேட்டை உரிமம் வைத்திருப்போரின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இவற்றோடு ஒரு நிபந்தனையும் உண்டு. வேட்டை உரிமத்தில் வரும் பணத்தை வனவுயிர்த் துறையைத் தவிர வேறு எதற்கும் திருப்பமாட்டோம் என்று மாநிலம் சட்டம் இயற்றியிருக்க வேண்டும். மீறினால் கூட்டரசுப் பணம் நிற்கும்.

இந்த நிபந்தனையை நான் மதிக்கிறேன். ஒரு துறைக்கென்று வசூலித்த பணம் அந்தத் துறைக்கே போய்ச் சேர்வது எவ்வளவு அரிது என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதே பூட்டுக்கு வேறொரு விளைவும் இருந்தது. உரிமம் வாங்குகிறவரின் தலை மட்டுமே எண்ணப்படும் கணக்கில் துறை வேலை செய்யத் தொடங்கியது. மாநில வனவுயிர் ஆணையங்களில் வேட்டைக்காரர்களின் குரல் ஓங்கியது. ஒரு மாநிலத்தில் ஆயிரம் பேர் பைனாகுலரோடு வந்தாலும் கணக்கில் அவர்கள் பூஜ்யம். கொலராடோ எல்லோரையும் உரிமம் வாங்கச் சொன்னது ஏன் என்று இப்போது புரியும். விற்கும் ஒவ்வொரு உரிமமும் கூட்டரசுப் பங்கைக் கணக்கிடும் தலைகளில் ஒன்றைக் கூட்டும்.

பணக் கதை இருக்கட்டும். பறவைகளுக்கு அந்த நிலம் என்ன செய்கிறது என்று பார்க்காமல் யார் பக்கமும் சாய முடியாது.

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் மழைக்காலம்தோறும் ஆறுகள் கரைபுரண்டு பெரும் சதுப்பு விரியும். இன்று அதில் 90 சதவீதத்துக்கு மேல் வயலாகவும் ஊராகவும் மாறிவிட்டது. மிச்சமிருப்பதில் பெரும்பகுதிக்கு இயற்கையான வெள்ளம் கிடையாது. மதகும் பலகையும் வைத்து மனிதர்கள் தண்ணீர் விடுகிறார்கள். வசந்தத்தில் மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீரை மெல்ல வடிப்பார்கள். ஈரம் காயாத சேற்றில் கோரையும் புல்லும் ஆற்றலரி போன்ற செடிகளும் முளைத்து விதை பிடிக்கும். இலையுதிர் காலத்தில் மறுபடி நீர் நிறைப்பார்கள். விதைகள் மிதக்கும், பூச்சிப்புழுக்கள் பெருகும். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்துகளுக்குக் கழுத்து எட்டும் ஆழம், ஒரு சாண் அளவு, போதும். நீர் வடியும் நாட்களில் அது விரற்கடை ஆழமாகும்போது உள்ளான்களும் கரைப்பறவைகளும் வந்து இறங்கும். வாத்துக்காக வடிவமைத்த குளத்தில் வாத்து அல்லாத பல இனங்களும் வயிறு நிரப்பிக்கொள்கின்றன. அதனால்தான் பறவை பார்ப்போர் வேட்டை நிலத்தை நாடிப் போகிறார்கள். மிச்சமிருக்கும் நல்ல நீர்நிலங்களில் பெரும்பகுதி வேட்டையை மனத்தில் வைத்துக் காக்கப்பட்டதுதான்.

அடுத்த கேள்வி: இருவரும் ஒரே குளத்துக்கு ஒரே காலையில் போனால் பறவைக்கு என்ன ஆகும்?

பனிக்கால வாத்துக்கு ஒவ்வொரு நாளும் வரவு செலவு. பறக்கும்போது அதற்கு ஆகும் ஆற்றல், சும்மா இருக்கும்போது ஆவதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். ஒருமுறை விரட்டப்பட்டால் பறந்த செலவு ஒன்று, மேயாமல் போன வரவு இன்னொன்று. மனிதர் எவ்வளவு நெருங்கினால் பறவை எழும் என்பதை ஆய்வாளர்கள் மீட்டரில் அளக்கிறார்கள். பெரிய பறவைகள் பொதுவாகத் தொலைவிலேயே எழுந்துவிடும். வேட்டையாடப்படும் இடங்களில் அந்தத் தூரம் இன்னும் கூடும். சுடுகிறவரையும் சும்மா பார்க்கிறவரையும் பிரித்தறியக் காத்திருந்தால் உயிர் போய்விடும் என்பதால், பழகிய பயத்தில் எல்லா மனித உருவத்துக்கும் ஒரே மரியாதைதான்.

டென்மார்க்கில் யெஸ்பர் மேட்சன் என்ற ஆய்வாளர் 1980-களின் நடுவிலிருந்து கடலோர நீர்நிலைகளில் ஒரு சோதனை நடத்தினார். வேட்டை நடந்துகொண்டிருந்த பரப்பில் சில பகுதிகளை மட்டும் வேட்டையற்றதாக்கி, எல்லைகளை மாற்றி மாற்றி வைத்துப் பறவைகளை எண்ணினார். வேட்டை நின்ற பகுதிகளில் நீர்ப்பறவைகள் பன்மடங்கு பெருகின, முன்பைவிட நீண்ட காலம் தங்கின. எல்லை நகர்ந்தபோது பறவைகளும் நகர்ந்தன. அங்கே அதிகம் கலைத்தது எது தெரியுமா? ஓரிடத்தில் மறைந்திருந்து சுடுவதைவிட, படகில் நகர்ந்து நகர்ந்து சுடுவது.

வாத்துகள் எல்லையைக் கற்றுக்கொள்ளும் விதம் வியப்பானது. நம் ஊர் ஏரிகளுக்கும் குளிர்காலத்தில் வரும் அதே ஊசிவால் வாத்து இனத்துக்கு ரேடியோ கருவி மாட்டிக் கலிபோர்னியாவிலும் லூசியானாவிலும் பின்தொடர்ந்திருக்கிறார்கள். வேட்டைப் பருவத்தில் அவை பகல் முழுவதும் சுடத் தடையுள்ள பகுதியில் நெருக்கியடித்து ஓய்வெடுக்கின்றன. இருட்டிய பிறகு, பகலில் வெடிச்சத்தம் கேட்ட அதே குளங்களுக்கும் வயல்களுக்கும் மேயப் போகின்றன.

பறவை பார்ப்போர் இதைப் படித்து நிம்மதி கொள்ள வேண்டாம். ஃபுளோரிடாவின் சானிபெல் தீவில், டிங் டார்லிங்கின் பெயரையே தாங்கிய காப்பகத்தில் 1990-களில் வெளியான ஆய்வு இவர்களைப் பற்றியது. வண்டியில் மெல்லக் கடந்து போகிறவர்கள் பறவைகளைக் கலைப்பது குறைவு. இறங்கி நடந்து நெருங்குகிறவர்கள் கலைப்பது அதிகம். எல்லோரையும்விட நெருங்கிப் போகிறவர்கள் புகைப்படக்காரர்கள். அந்தக் காப்பகத்தின் சுற்றுப்பாதை வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, பறவைகளுக்காக மூடப்படுகிறது. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ காப்பகத்தில் வண்டிப்பாதையில் குறிப்பிட்ட சில இடங்கள் தவிர எங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. காருக்குள் இருக்கும்வரை மனித உருவம் தெரிவதில்லை. கார் ஒரு நகரும் மறைவிடம் ஆகிவிடுகிறது. நாங்கள் கொல்வதில்லை, ஆகவே எங்களால் கேடில்லை என்ற வாதம் அறிவியலின் முன் முழுதாக நிற்காது. துப்பாக்கியின் கேடு பெரிது என்பது உண்மை. பைனாகுலரின் கேடு சிறிது என்பதும் உண்மை. அது இல்லவே இல்லை என்பது மட்டும் உண்மையல்ல.

நிலத்தைக் கூறுபோட முடியாத இடத்தில் நாளைக் கூறுபோட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் அரசு நீர்நிலங்கள் பலவற்றில் வாத்து சுடுவது சனி, ஞாயிறு, புதன் மூன்று நாட்கள்தான். மற்ற நாட்கள் பறவைக்கு ஓய்வு. வேட்டைக்காரரே இதை விரும்புவார், ஏனென்றால் ஓய்வில்லாத குளத்துக்கு வாத்து திரும்பி வராது. ஆனால் வேலைக்குப் போகிற ஒரு பறவை ஆர்வலருக்குக் கிடைக்கும் விடுமுறை நாட்கள் இரண்டும் வேட்டைக்குப் போய்விட்டன என்பதையும் கவனியுங்கள். எந்த ஒரு வாத்து இனத்துக்கும் ஆண்டில் 107 நாட்களுக்கு மேல் வேட்டைப் பருவம் போகக்கூடாது என்பது விதி. மீதி 258 நாட்கள் உங்களுக்குத்தானே என்று வேட்டைக்காரர் கேட்கலாம். வலசைப் பறவைகள் வருவதே அந்த 107 நாட்களை ஒட்டித்தான் என்பதே பறவை பார்ப்போரின் குறை.

பென்சில்வேனியாவில் கணக்கு தலைகீழாக இருந்தது. அங்கே வேட்டை ஆணையத்தின் கையில் 15 லட்சம் ஏக்கர் நிலம். நீண்ட காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான வேட்டைக்குத் தடை. தேவாலய ஒழுங்குக்காக ஏற்பட்ட சட்டம் அது. ஆனால் காலப்போக்கில் அந்த ஞாயிறு பறவை பார்ப்போருக்கும் நடைப்பயணிகளுக்கும் குதிரையேறுவோருக்கும் சொந்தமான நாளாகிவிட்டது. வாரம் முழுதும் உழைக்கும் வேட்டைக்காரருக்குச் சனி ஒன்றே மிச்சம். 2019-இல் சட்டம் மூன்று ஞாயிறுகளைத் திறந்தது. 2025-இல் தடையே நீக்கப்பட்டது. இரு பக்கமும் கேட்டது ஒரே ஞாயிறைத்தான்.

அதே மாநில நிலங்களில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, வேட்டையாடாதவரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் 250 சதுர அங்குலம் உடுத்த வேண்டும். இந்த ஆரஞ்சுக்குள் ஓர் அழகான உயிரியல் இருக்கிறது. மானின் கண்ணில் இரண்டு வகை நிற உணரிகள்தான். சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்துக் காட்டும் வகை அதற்கு இல்லை. எனவே மனிதருக்கு எரிகிற ஆரஞ்சு மானுக்கு மங்கலாகத் தெரியும். மான் வேட்டைக்காரருக்குப் பாதுகாப்பும் உண்டு, நட்டமும் இல்லை. பறவையின் கண்ணிலோ நான்கு வகை உணரிகள். நமக்குத் தெரிவதைவிட அதிக நிறம் அதற்குத் தெரியும். ஆகவே மானை மனத்தில் வைத்து எழுதிய விதியின் சுமை, பழுப்புச் சட்டையில் மறைந்து நிற்கப் பழகிய பறவை ஆர்வலர்மேல் விழுகிறது. விழட்டும், உயிர் முக்கியம். அந்த விதி யாரை நினைத்து எழுதப்பட்டது என்பதற்காகச் சொன்னேன்.

பங்கீடு நன்றாக அமைந்த ஓர் இடமும் உண்டு. நியூஜெர்சியின் தென்கோடியில், கேப் மே முனையில், ஹிக்பீ கடற்கரை என்ற அரசு வனவுயிர் நிலம். இலையுதிர் காலத்தில் ஒரு குளிர்முனை கடந்த மறுநாள் வடமேற்குக் காற்று வீசும். இரவில் வலசை போகும் சிட்டுகளைக் காற்று அட்லாண்டிக் கரைப்பக்கம் தள்ளிவிடும். விடியும்போது பார்த்தால் நிலம் ஒரு முனையாகக் குறுகி, முன்னால் டெலாவேர் விரிகுடா. கடக்கத் தயங்கிய குருவிகள் விரிகுடாக் கரையை ஒட்டி வடக்கே திரும்பித் தாழப் பறக்கும், புதரையும் மரத்தையும் தேடும். பருந்துகளும் தயங்கும், ஏனென்றால் அவற்றைத் தூக்கிச் செல்லும் வெப்பக் காற்று நீர்ப்பரப்பின்மேல் எழுவதில்லை. இப்படி ஒரு காலைப்பொழுதில் ஹிக்பீயில் நிற்க உலகெங்கிலுமிருந்து வருவார்கள். அந்த மாநிலத்தின் வேட்டைத் துறையே நிர்வகிக்கும் நிலம்தான். ஆனாலும் செப்டம்பர் தொடங்கி டிசம்பர் முற்பகுதி வரை அங்கே வேட்டை கிடையாது. வலசை ஓய்ந்த பிறகே துப்பாக்கி. யாருடைய விடுமுறை எப்போது என்று பார்த்து வகுத்த அட்டவணை இல்லை இது. பறவை எப்போது வருகிறது என்று பார்த்து வகுத்தது. இது மற்ற இடங்களிலும் நடக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கொலராடோவுக்குத் திரும்புவோம். அந்த மாநிலத்தின் அடையாளப் பறவை லார்க் பண்டிங். புல்வெளியில் தரையில் கூடு கட்டும் குருவி. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கறுப்பு, சிறகில் வெள்ளைத் தீற்று. அதை யாரும் வேட்டையாடுவதில்லை. ஆகவே அதன் பெயரால் யாரும் உரிமம் வாங்குவதுமில்லை, முத்திரை ஒட்டுவதுமில்லை.

2019-இல் கென்னத் ரோசன்பர்க் தலைமையில் ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1970 முதல் அமெரிக்காவும் கனடாவும் இழந்த பறவைகள் 290 கோடி. இருந்ததில் 29 சதவீதம். இரவு வலசையைப் படம்பிடிக்கும் வானிலை ராடார்களின் பதிவும் அதே திசையையே காட்டியது. மிக மோசமான அடி புல்வெளிப் பறவைகளுக்கு: 53 சதவீதம், 70 கோடிக்கு மேல். அதே அட்டவணையில் ஒரு வரிசை எதிர்ப்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. வாத்தும் பெருவாத்தும் அன்னமும் அடங்கிய நீர்ப்பறவைகள் 56 சதவீதம் கூடியிருக்கின்றன.

இதை முழுக்க வேட்டை முத்திரையின் வெற்றி என்று எழுதிவிட்டால் அவசரமாகிவிடும். 1990-களில் புல்வெளிக் குட்டைகளை நிரப்பிய நல்ல மழைக்கும் பங்குண்டு. விவசாயிகளுக்கு மானியம் தந்து நிலத்தைத் தரிசாக விடச் செய்த திட்டத்துக்கும், 1991-இல் நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகள் தடைசெய்யப்பட்டதற்கும் பங்குண்டு. வயல் தானியத்தில் கொழுத்துப் பெருகிவிட்ட பனிவாத்துகளும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். ஆனாலும் இந்தக் கூட்டல் கழித்தலுக்கு அப்பால் ஒன்று தெளிவாக நிற்கிறது. 90 ஆண்டுகளாக ஆண்டு தவறாமல் பணமும் சட்டமும் நிலமும் யாருக்காக ஒதுக்கப்பட்டனவோ அந்தப் பறவைகள் தேறின. யாருக்காக அப்படி ஒன்றும் ஒதுக்கப்படவில்லையோ அவை சரிந்தன. நுழைவுச்சீட்டுச் சண்டையில் உண்மையில் பேசப்பட வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். வாசலில் யாரை விடுவது என்பதோடு நிற்காமல், எந்தப் பறவையைக் கணக்கில் எழுதுவது என்று கேட்டாக வேண்டும்.

வேட்டைக்காரர் வாதத்தில் உண்மை பெரிது, ஓட்டையும் உண்டு. துப்பாக்கி வாங்குவோரில் பலர் வேட்டைக்குப் போகாதவர்கள்; இலக்குப் பயிற்சிக்கும் தற்காப்புக்கும் வாங்கியவர்கள் கட்டிய வரியும் அதே நிதியில் சேர்கிறது. கூட்டரசின் பரந்த காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் எல்லோரின் வரிப்பணத்தில் நிற்பவை. முத்திரைப் பணத்தில் வாங்கிய காப்பகங்கள் முதலில் மீறக்கூடாத புகலிடங்களாகவே எண்ணப்பட்டன. 1949-இல் விலையை 2 டாலராக்கியபோது அவற்றில் 25 சதவீதம் வரை வேட்டைக்குத் திறக்கலாம் என்றார்கள். 1958-இல் 3 டாலர், 40 சதவீதம். 1997-இல் வந்த சட்டம், காப்பகங்களில் முன்னுரிமை பெறும் ஆறு பயன்பாடுகளை ஒரே பட்டியலில் வைத்தது: வேட்டை, மீன்பிடிப்பு, வனவுயிர் பார்த்தல், புகைப்படம், சூழல் கல்வி, விளக்கப் பணி. சட்டத்தில் பார்ப்பவரும் சுடுபவரும் ஒரே வரியில் இருக்கிறார்கள்.

பறவை பார்ப்போர் தரப்பின் குறையும் சொல்லப்பட வேண்டும். 2016-ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் பறவை பார்ப்போர் 4.5 கோடி, வேட்டைக்காரர் 1.15 கோடி. கணக்கெடுக்கும் முறை மாறிய 2022-இல் அது 9.6 கோடி, 1.44 கோடி. எந்த முறையில் எண்ணினாலும் பார்ப்பவர்கள் பலமடங்கு. அப்படியிருந்தும் அவர்களுக்கென்று ஒரு நிலையான நிதி ஏற்படவில்லை. 1990-களில் பைனாகுலர், பறவைக் கையேடு, தானியத் தீனி, முதுகுப்பை போன்றவற்றுக்குச் சிறு வரி போட்டு, வேட்டையாடப்படாத உயிர்களுக்குச் செலவிடலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. கருவி விற்கும் நிறுவனங்கள் எதிர்த்தன, முயற்சி கைவிடப்பட்டது. 2022 ஜூனில் ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. மாநிலங்கள் ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலிட்டிருக்கும் ஏறத்தாழ 12,000 இனங்களுக்கு அது உயிர்நீராகியிருக்கும். செனட்டில் அது வாக்கெடுப்பையே காணவில்லை.

பல பறவை ஆர்வலர்கள் ஒவ்வோர் ஆண்டும் வாத்து முத்திரையைத் தாமாகவே வாங்குகிறார்கள், நுழைவுக் கட்டணம் கேட்கும் காப்பகங்களில் அதையே சீட்டாகக் காட்டலாம். அவர்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முத்திரையை யார் வாங்கினார் என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை. விற்றதெல்லாம் வேட்டைக்காரர் கணக்கில் பேசப்படுகிறது. போதாதென்று 2020-இல் முத்திரை ஓவியப் போட்டிக்கு ஒரு நிபந்தனை போட்டார்கள்: படத்தில் வேட்டை மரபைக் காட்டும் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். வாத்துக்குப் பக்கத்தில் தோட்டாக் கூடும் வேட்டை ஊதலும் மிதக்கத் தொடங்கின. மறு ஆண்டே அந்த நிபந்தனை நீக்கப்பட்டது நல்லதாயிற்று. ஒருவர் மனமுவந்து தரும் 25 டாலரை வாங்கிக்கொண்டு அவர் இருப்பதையே மறைப்பது சரியல்ல.

நான் கொலராடோ ஆர்வலர்களின் இடத்தில் இருந்தால் சீட்டை மகிழ்ச்சியோடு வாங்குவேன். வாங்கிய சீட்டுகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்வேன். அந்தப் பணத்தில் ஒரு பங்கு லார்க் பண்டிங் கூடு கட்டும் புல்வெளிக்குப் போகிறதா என்று கேட்பேன். ஆணையத்தில் ஓர் இருக்கை கேட்பேன். அதற்கு ஈடாக, கூடு கட்டும் மாதங்களிலும் வாத்துகள் ஓய்வெடுக்கும் பகுதிகளிலும் நாங்களும் உள்ளே வரமாட்டோம் என்று எழுதித் தருவேன்.

சட்டப்படி நீர்ப்பறவைகளைச் சூரியன் மறையும்வரைதான் சுடலாம். டிசம்பர் மாலைகளில் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் அந்த நேரம் சீக்கிரம் வந்துவிடும். வேட்டைக்காரர்கள் போலி வாத்துகளைப் பையில் அள்ளிக்கொண்டு, நனைந்த நாயோடு வண்டிக்குத் திரும்புவார்கள். சுற்றுப்பாதையிலிருந்து பறவை ஆர்வலர்களின் கார்களும் வெளியேறும். இரண்டு வரிசை விளக்குகளும் ஒரே சாலையில் ஊரைப் பார்த்து நகரும். அவர்களுக்குப் பின்னால், பகலெல்லாம் காப்புப் பகுதியில் அடங்கிக் கிடந்த ஊசிவால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக எழுந்து, காலையில் வெடிச்சத்தம் கேட்ட குளங்களில் மேய்வதற்கு இறங்கும்.